எடுப்பதும் வைப்பதும்: ஒரு ரிமோட், பல எந்திரங்கள், வினையின் பொறுப்பு

தொழிற்கூடத்து ரேடியோ ரிமோட் என்பது எந்திரத்தைத் தொடாமல் அதை இயக்கும் பெட்டி. இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் ஜாய்ஸ்டிக் பெட்டியாகவோ, கைக்குள் அடங்கும் பட்டன் பெட்டியாகவோ அது இருக்கும். கூரையடித் தண்டவாளத்தில் ஓடும் கிரேன், கான்கிரீட் பம்பின் நீண்ட கை, ரயில் யார்டில் பெட்டிகளைக் கோர்க்கும் என்ஜின், நிலக்கரிச் சுரங்கத்தில் கரி வெட்டும் பொறி எனப் பலவும் இன்று இதற்குக் கட்டுப்படுகின்றன. ஒரே பெட்டி ஒன்றுக்கு மேற்பட்ட எந்திரங்களை இயக்கத் தொடங்கும்போது, பாதுகாப்பு பற்றிய கேள்வி வினை பற்றிய மிகப் பழைய கேள்வியோடு போய்ச் சேர்கிறது. விரலின் அசைவு ஒன்றே. அதனால் நடப்பது வேறு வேறு. அப்படியானால் விரலுக்குரியவர் செய்தது எது? எதற்கு அவர் பொறுப்பு, எதற்கு அல்ல?

காரணத்தை விளக்க இந்திய மெய்யியலுக்குக் கைவந்த எடுத்துக்காட்டு குயவன். பானைக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்தம் பிரிக்கும். இந்தப் பிரிவுக்கு அடியில் சொல்லாமலே கிடக்கும் ஒன்று உண்டு. குயவனின் கை மண்ணின் மேலேயே இருக்கிறது. மண் கோணினால் விரல் நுனி அந்தக் கணமே அறியும். கிரேன் கேபினில் உட்கார்ந்து ஓட்டியவருக்கும் இதைப் போன்ற அறிவு இருந்தது. சுமை தரையை விட்டு எழும் குலுக்கம் அவர் இருக்கையில் ஏறி முதுகில் தெரியும். பிறகு வந்த பெண்டன்ட் என்னும் பட்டன் பெட்டி கிரேனிலிருந்தே கேபிளில் தொங்கியது. எந்தக் கேபிளைப் பிடித்திருக்கிறாரோ அந்தக் கிரேன்தான் அசையும். கையில் இருப்பது எந்த எந்திரம் என்பதற்குக் கேபிளே சாட்சி.

ரேடியோ வந்ததும், சுமை ஆடும் வீச்சுக்கு வெளியே, பார்வை தடைபடாத இடமாகப் பார்த்து நிற்க முடிந்தது. எத்தனையோ விலா எலும்புகளையும் உயிர்களையும் காத்திருக்கக்கூடிய நன்மை இது. குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கேபிளோடு சேர்ந்து அந்தச் சாட்சியும் போயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பை இனி மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ஒரு நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகைக் கம்பியில்லாமல் செலுத்திக் காட்டினார் நிகோலா டெஸ்லா. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமை 613,809 அவருக்குக் கிடைத்தது. 1900இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அந்தப் படகுக்கு இருப்பது இரவல் மனம் என்ற பொருளில் விளக்கினார். தொலைவில் நிற்பவரின் அறிவும் தீர்ப்பும் பொறிக்குள் வந்து குடியிருக்கின்றன என்பது அவர் கருத்து. ஒரே மனத்தைப் பல பொறிகள் இரவல் கேட்டால், எது எப்போது பெறுவது? டெஸ்லா இதையும் எண்ணிப் பார்த்தார். தனக்குரிய செய்திக்கு மட்டுமே ஒரு பொறி பதில் தர வேண்டும் என்பதற்காக, ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் சேர்ந்து வந்தால் மட்டும் இயங்கும் ஏற்பாட்டுக்கு 1903இல் காப்புரிமை பெற்றார். தொலைவிலிருந்து எந்திரம் ஓட்டும் கலை பிறந்தபோதே ‘எந்த எந்திரம்’ என்ற கவலையும் உடன்பிறந்துவிட்டது.

இன்றைய ரிமோட்டில் அந்தக் கவலைக்கு விடை முகவரி. ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனி அடையாள எண் உண்டு. அதற்கென்று அமைத்த ரிசீவர் அந்த எண்ணோடு வரும் செய்தியை மட்டும் ஏற்கும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் பல கருவிகள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கலாம். அதனால் அலைவரிசை ஒன்றாக இருப்பது ஆபத்தல்ல, முகவரி ஒன்றாக இருப்பதுதான் ஆபத்து. செய்தியின் கூடவே அதைச் சரிபார்க்கும் எண்களும் வருகின்றன. வழியில் சிதைந்த செய்தியை ரிசீவர் தள்ளிவிடும்.

செய்தியே வராவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் இந்தக் கருவியின் அறம் தெரிகிறது. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளியதும் ஒரு கட்டளை போய்ச் சேர்ந்து வேலை முடிந்துவிடுவதில்லை. ‘போ, போ, போ’ என்று ஒரு நொடிக்குள் பலமுறை செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. குறித்த இடைவெளிக்குள் முறையான செய்தி வராவிட்டால் ரிசீவர் மின்சாரத்தை இணைத்திருக்கும் மெயின் கான்டாக்டரை விடுவிக்கிறது; மின்சாரம் போனதும் ஸ்பிரிங் விசையால் பிரேக் பிடிக்கிறது. பேட்டரி தீர்ந்தாலும், ஆள் தூணுக்குப் பின்னால் போய் அலை தடைபட்டாலும், பெட்டி கீழே விழுந்து உடைந்தாலும் விளைவு ஒன்றே: நிற்பது. பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாத எந்திரம் இது. அசைவுக்குத் தொடர்ந்து அனுமதி வேண்டும். அசையாமைக்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

பலன் தரத் தொடங்கிவிட்ட பிராரப்த வினைக்கு வேதாந்திகள் சொல்லும் உவமை, வில்லை விட்டுப் போன அம்பு. எய்தவன் மனம் மாறினாலும் அம்பு திரும்பாது. ரிமோட்டில் ஓடும் கிரேன் அந்த அம்பாக இருக்கக்கூடாது என்பதே அரை நொடி அளவில் வைக்கப்படும் இந்த இடைவெளியின் நோக்கம். எய்தவர் இன்னும் நாணைப் பிடித்திருக்கிறாரா என்று அது கேட்டுக்கொண்டே போகிறது. ஆனாலும் அம்புத்தன்மை முழுவதும் நீங்குவதில்லை. நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகத்தில் ஓடும் கிரேன் அரை நொடியில் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்கும் தூரம் அதற்கு மேல். கிரேனின் பாலம் நின்ற பிறகும் சங்கிலியில் தொங்கும் சுமை ஊஞ்சலாக ஆடும். மனம் மாறியதற்கும் உலகம் மாறுவதற்கும் இடையில் எப்போதும் சில சாண் தூரம் இருக்கிறது. அந்தச் சில சாணுக்குள் ஒரு தலை இருக்கலாம்.

பல எந்திரங்கள் என்பது நடைமுறையில் மூன்று வகையாக வருகிறது. ஒரே பெட்டியில் தேர்வு சுவிட்ச் வைத்து முதல் கிரேன், இரண்டாம் கிரேன், இரண்டும் சேர்ந்து என்று மாற்றிக்கொள்வது ஒன்று. ‘பே’ எனப்படும் தொழிற்கூடத்தின் நீண்ட பகுதியில் இந்த முனையில் ஒருவரும் அந்த முனையில் ஒருவருமாக இரண்டு பெட்டிகள் ஒரே கிரேனைப் பகிர்ந்துகொள்வது மற்றொன்று. தனித்தனி ரிமோட் உள்ள கிரேன்கள் ஒரே தண்டவாளத்தில் ஓடுவது மூன்றாவது. இரண்டாவது வகையில் விதி தெளிவானது: ஒருவர் விட்டால்தான் மற்றவர் எடுக்க முடியும். ஒரு வினைக்கு ஒரே நேரத்தில் ஒரு கர்த்தா. ரிசீவரே இதைக் காக்கிறது.

முதல் வகைதான் கடினம். அங்கே பிழை கையில் நேர்வதில்லை. கை செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்கிறது. ‘எது’ என்ற அறிவு தவறிப்போகிறது. அறியாமையால் செய்த செயலை அரிஸ்டாட்டில் தமது நிகோமாகிய அறவியலின் மூன்றாம் புத்தகத்தில் ஆராயும்போது சொல்லும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று எந்திரம் பற்றியது. கல்லெறியும் கவணின் இயக்கத்தைக் காட்டவே ஒருவன் நினைத்தான். அது எறிந்தே விட்டது. யார் செய்கிறார், என்ன செய்கிறார், எதன் மேல், எந்தக் கருவியால் என்ற தனிவிவரங்களை அறியாமல் செய்தது மனமறிந்து செய்ததாகாது என்கிறார் அவர். அதோடு நிறுத்தவில்லை. அந்த அறியாமைக்கே ஒருவன் காரணமாக இருந்தால், குடித்துவிட்டுச் செய்தவனைப் போல, அவன் தப்ப முடியாது. முந்தைய வேலையில் இரண்டாம் கிரேனில் வைத்த சுவிட்சைப் பார்க்காமலே முதல் கிரேனைப் பார்த்தபடி லிவரைத் தள்ளுபவர் இப்படித் தன் அறியாமைக்குத் தானே காரணமானவர். அவருக்குத் தெரியாது என்பது உண்மை. தெரிந்துகொள்ள ஒரு பார்வை போதும் என்பதும் உண்மை.

நல்ல அமைப்பு அந்த ஒரு பார்வைக்கு வழி செய்து வைக்கிறது. தேர்ந்தெடுத்த கிரேனில் விளக்கு எரியும். கிரேனின் எண் கீழிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். இயக்கம் தொடங்கும் முன் ஹாரன் ஒலிக்கும். லிவர்கள் எல்லாம் நடுநிலையில் இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஏற்காது. இவையெல்லாம் இருந்தும், முதல் அசைவைச் சுமையில்லாமல் சிறிதாகக் கொடுத்து, எது அசைகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்வதற்கு ஈடு எதுவும் இல்லை. இழந்த கேபிளுக்குப் பதிலாகச் சாட்சி தேடும் செயல் அது.

திசையிலும் இதே சிக்கல் உண்டு. கேபினில் இருப்பவர் கிரேனோடு சேர்ந்தே போகிறார்; அவருடைய இடப்பக்கம் எப்போதும் இடப்பக்கம்தான். தரையில் நடப்பவர் சுமையைச் சுற்றி மறுபுறம் வந்ததும் இடமும் வலமும் மாறிவிடுகின்றன, ஆனால் பட்டன் மாறுவதில்லை. அதனால்தான் இடம், வலம் என்பதை விட்டு, வடக்கு, தெற்கு என்றோ, கிரேனின் உடலில் பெரிதாக வரைந்த அம்பும் குறியும் பட்டனிலும் அப்படியே இருக்குமாறோ எழுதுகிறார்கள். எந்திரம் பார்க்கும் உலகமும் ஆள் பார்க்கும் உலகமும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொண்டு, இரண்டுக்கும் பொதுவான ஒன்றை நட்டு வைப்பது இது.

தீங்கு நேர்ந்த பின் எழும் கேள்விக்குச் சமயங்கள் தந்த விடைகள், வியப்பூட்டும் அளவுக்குத் தொழிற்கூடத்துக்கு அருகில் வருகின்றன. பௌத்த விநய பிடகத்தில் விகாரைச் சுவர் கட்டும் பிக்குகளின் வழக்கு ஒன்று பதிவாகியிருக்கிறது. கீழே நின்றவர் கல்லைத் தூக்கிக் கொடுத்தார். மேலே நின்றவர் சரியாகப் பிடிக்கவில்லை. கல் கீழே நின்றவர் தலையில் விழுந்து அவர் இறந்தார். வேண்டுமென்று செய்யவில்லையாதலால் குற்றமில்லை என்பது புத்தரின் தீர்ப்பு. அதே கல், அதே உயரம், அதே வீழ்ச்சி, ஆனால் கொல்லும் எண்ணத்தோடு விட்டிருந்தால் சங்கத்திலிருந்தே நீக்கும் குற்றம். வினை என்பது எண்ணமே என்ற பௌத்தக் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்த விடையோடு நின்றால், தொழிற்கூடத்தில் நேரும் ஏறக்குறைய எல்லா மரணங்களும் குற்றமற்றவையாகிவிடும். எவரும் வேண்டுமென்று சுமையை ஒருவர் மேல் இறக்குவதில்லை. விநயமே அங்கே நிற்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. மாடியில் இருந்த பிக்கு ஒருவர், கால்கள் கழன்றுவரக்கூடிய கட்டிலில் வேகமாக உட்கார்ந்தார். கால் கழன்று கீழ்த்தளத்தில் இருந்தவர் தலையில் விழுந்தது. அதன்பின் அப்படிப்பட்ட மாடியில் அப்படிப்பட்ட கட்டிலில் உட்காருவதே விதிமீறல் என்று வகுக்கப்பட்டது. விலக்குகளும் சொல்லப்பட்டன: கீழே எவரும் புழங்காத இடமாக இருந்தால் தவறில்லை, கட்டில் கால்களுக்கு ஆணி அடித்திருந்தால் தவறில்லை. தொங்கும் சுமைக்குக் கீழே ஆள் நிற்கக்கூடாது என்பதும், ஹூக்கின் நாக்குப் பூட்டியிருக்க வேண்டும் என்பதும் இதே சிந்தனைதான். எண்ணம் இல்லாதவரைத் தண்டிக்காமல் விட்ட மரபு, எண்ணமில்லாமலே தீங்கு நேரக்கூடிய ஏற்பாட்டைத் தடைசெய்தது. பொறுப்பு பட்டனை அழுத்தும் கணத்திலிருந்து நகர்ந்து, அதற்கு முந்தைய நேரத்துக்கு வந்துவிடுகிறது.

சமணம் இன்னும் கடுமையாகப் பேசும். கவனமின்மையால் உயிரைப் போக்குவதே இம்சை என்பது உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் தரும் வரையறை. வந்தவாசி அருகிலுள்ள பொன்னூர் மலையோடு மரபு சேர்த்துப் பேசும் குந்தகுந்தர், உயிர் இறந்தாலும் இறக்காவிட்டாலும் கவனமற்று நடப்பவருக்கு இம்சை உறுதி என்றும், கவனத்தோடு நடப்பவரை நேர்ந்துவிட்ட தீங்கு மட்டும் கட்டுவதில்லை என்றும் பிரவசனசாரத்தில் விளக்குகிறார். இதன்படி பார்த்தால், தவறான கிரேனை அசைத்துவிட்டு, நல்லவேளை கீழே யாரும் இல்லை என்று மூச்சுவிடுபவருக்கு வினை ஏற்கனவே ஒட்டிவிட்டது. ஆள் இல்லாதது அவர் ஈட்டியதல்ல. மயிரிழையில் தப்பிய நிகழ்வையும் விபத்தைப் போலவே பதிவுசெய்து ஆராய வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரிகள் இன்று வற்புறுத்துவதற்கு இதைவிட உறுதியான அடிப்படை இல்லை. சமண முனிவர்களுக்கு விதித்த ஐந்து சமிதிகளில் ஒன்று ஆதான நிக்ஷேபம். ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பு என்பது அதன் பொருள். கிரேனின் முழு வேலையும் அந்த இரண்டு சொற்களுக்குள் இருக்கிறது.

தமிழில் இந்தக் கேள்விக்கு ஒரு கதை உண்டு. சேக்கிழார் பெரிய புராணத்தின் தொடக்கத்திலேயே வைத்த மனுநீதிச் சோழன் கதை அது. திருவாரூர்த் தெருவில் இளவரசன் தேரில் படை சூழப் போகிறான். துள்ளி வந்த இளங்கன்று ஒன்று தானே தேர்க்காலில் அகப்பட்டு மாய்கிறது. இளவரசனிடம் தீய எண்ணம் துளியும் இல்லை. அமைச்சர்கள் கழுவாய் போதும் என்று வாதிடுகிறார்கள், சோழன் ஏற்கவில்லை. மகன் மேல் தேரை ஏற்றுவது என்று அவன் விதித்த தண்டனையை இன்றைய மனம் ஏற்காது, ஏற்கவும் வேண்டியதில்லை. ஆனால் அவன் சொல்லும் காரணம் மிகக் கூர்மையானது. உயிர்களுக்குத் தன்னாலும், தன் பரிசனத்தாலும், பகைவராலும், கள்வராலும், பிற உயிர்களாலும் வரும் ஐந்து அச்சங்களையும் தீர்ப்பவனே காவலன் என்கிறான். இரண்டாவதாக நிற்கும் ‘தன் பரிசனத்தால்’ என்பதே வேலை கொடுப்பவரின் பொறுப்பு. தேரை ஓட்டியவன் மட்டுமல்ல, அந்தத் தேரைத் தெருவில் விட்ட ஆட்சியும் கன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். பவனியின் ஆரவாரத்தையும் மறக்க முடியாது. திருக்குறளின் பொச்சாவாமை அதிகாரம், அளவு கடந்த சினத்தைவிட உவகை மிகுதியில் வரும் மறதி தீது என்றே தொடங்குகிறது. வேலை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாளில், கை பழகி, லிவர் விளையாட்டாகும் நேரத்தில், சுவிட்சைப் பார்க்கும் பழக்கம் முதலில் உதிர்கிறது.

ஆங்கிலத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் அறவியல் அதிர்ஷ்டம் பற்றி 1976இல் எழுதியபோது இதே இடத்துக்கு வந்தார். தன் தவறே இல்லாமல் ஒரு குழந்தை மேல் லாரியை ஏற்றிவிட்ட ஓட்டுநர், வழியில் நின்று பார்த்தவரைப் போல வருந்துவதில்லை. அவர் வருத்தம் வேறு வகை. என் கையால் நடந்தது என்பதை எந்தத் தீர்ப்பும் அழிப்பதில்லை. ரிமோட்டைப் பிடித்திருந்தவருக்கு அந்தக் ‘கையால்’ என்பதே கலங்கலாகிவிடுகிறது. 30 மீட்டர் தள்ளி நின்றவர், தொடாதவர், ஆனால் செய்தவர். தொலைவு பாரத்தைக் குறைக்கும் என்று நினைப்பது பிழை.

இரண்டு கிரேன்கள் சேர்ந்து ஒரே சுமையைத் தூக்கும்போது கர்த்தா யார் என்பது பொறியியல் வரைபடத்திலேயே எழுதப்பட வேண்டியதாகிறது. நீண்ட கொதிகலன் உருளை ஒன்றை இரு முனையிலும் பிடித்துத் தூக்குவதாகக் கொண்டால், தூக்கும் பொறியான ஹாய்ஸ்ட் ஒன்று மற்றதைவிடச் சற்று வேகமாக ஏறினாலும் உருளை சாயும். சாய்ந்தால் பாரம் ஒரு பக்கம் கூடும். ஒரு கிரேன் பழுதாகி நின்றால் மற்றதும் அப்போதே நிற்க வேண்டும். எனவே சேர்த்து இயக்கும் நிலையில் இரண்டு ரிசீவர்களும் ஒன்றின் நலத்தை மற்றது அறியும்படி இணைக்கப்படுகின்றன. செயல் நிறைவேற இடம், கர்த்தா, கருவிகள், பலவகை முயற்சிகள், தெய்வம் என ஐந்து காரணங்கள் வேண்டும் என்று பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் கணக்கிடுகிறது. தானே கர்த்தா என்று நினைப்பவன் சரியாகக் காணாதவன் என்றும் சொல்கிறது. ஆபரேட்டரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் வாசகமாக இதை எடுக்கக்கூடாது. விபத்து விசாரணையில் ஆபரேட்டரோடு நிறுத்தாமல் மற்றவற்றையும் பார்க்கச் சொல்லும் வாசகமாக எடுப்பதே பொருத்தம்: தரை எப்படி இருந்தது, கருவியை யார் அமைத்தார், முகவரி எண்ணை யார் மாற்றினார், அவசரம் யாருடையது.

சட்டமும் அந்த வழியிலேயே சென்றது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கிரேன் தண்டவாளத்தின் மேலோ அருகிலோ இடிபடக்கூடிய இடத்தில் ஆள் வேலை செய்யும்போது, கிரேன் அந்த இடத்துக்கு 6 மீட்டருக்குள் வராதபடி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. தூக்கும் எந்திரங்களைத் தகுதி பெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றும் விதித்தது. பொத்தானை அழுத்துபவரின் நல்லெண்ணத்தை நம்பி எழுதிய விதிகள் அல்ல இவை. கம்பியில்லாக் கட்டுப்பாட்டுக்கென்றே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2017இல் ஐஇசி 62745 என்ற தரத்தை வெளியிட்டது.

எஞ்சியிருப்பது அவசர நிறுத்தத்துக்கான சிவப்புக் குமிழ். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் அதை அழுத்தினால், அந்தப் பெட்டியின் கட்டுப்பாட்டில் உள்ள கிரேன்கள் நிற்க வேண்டும். குமிழைத் திருகி விடுவித்தாலே எந்திரம் மீண்டும் ஓடக்கூடாது. லிவர்களை நடுநிலைக்குக் கொண்டுவந்து, தனியாக ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். ஆனால் அணைத்து வைத்த பெட்டியின் சிவப்புக் குமிழ் எதையும் நிறுத்தாது. பக்கத்து பேயின் ரிமோட்டில் உள்ள குமிழும் இந்த பேயின் கிரேனை நிறுத்தாது. ஆபத்தில் ஓடிவரும் ஒருவருக்கு இரண்டும் ஒரே சிவப்பு. ஆகவே வேலையில் இல்லாத பெட்டியைக் கண்ணில் படாமல் பூட்டி வைப்பது, ஒவ்வொரு பெட்டியிலும் அதற்குரிய கிரேன் எண்ணை எழுதுவது, கம்பியோடு இணைந்த நிறுத்தக் குமிழைத் தரையில் எவரும் எட்டும் இடத்தில் தனியாக வைப்பது ஆகிய மூன்றும் வேண்டும்.

ஷிப்டு மாறும்போது பெட்டி கை மாறுகிறது. கொடுப்பவர் சுமையைத் தரையில் இறக்கி, லிவர்களை நடுவில் விட்டு, குமிழை அழுத்தி, சாவியை எடுக்கிறார். சுவிட்ச் எந்தக் கிரேனில் இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டுச் சாவியை அடுத்தவர் கையில் வைக்கிறார். வாங்கியவர் சாவியைப் போட்டு, ஹாரன் அடித்து, வெறும் ஹூக்கை ஒரு சாண் தூக்கி, எந்தக் கிரேனில் விளக்கு எரிகிறது என்று அண்ணாந்து பார்க்கிறார்.